முதல் பாடத்தை மாற்றுங்கள்: குவாண்டம் நிரலாக்கம் கற்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

குவாண்டம் நிரலாக்கம் கற்பிக்கும், அதற்குப் பாடத்திட்டம் வகுக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான் சாதாரணக் கணினிகளுக்கு நிரல் எழுதிப் பிழைப்பவன். தரவுத்தளம், சர்வர், நள்ளிரவில் வரும் பிழைச் செய்தி, இவைதான் என் உலகம். சில வருடங்களுக்கு முன்பு, எல்லோரும் பேசுகிறார்களே என்று ஒரு குவாண்டம் நிரலாக்கப் பாடத்தில் சேர்ந்தேன். இரண்டாம் நாளே இரண்டு கியூபிட்டுகளை (0, 1 இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கக்கூடிய குவாண்டம் பிட்டுகளை) ஒன்றின் நிலை மற்றொன்றைச் சார்ந்திருக்கும்படி பின்னிப் பிணைத்து, எங்கோ ஒரு ஆய்வகத்தில் உறைகுளிரில் இருக்கும் உண்மையான இயந்திரத்தில் ஓட்டியும் பார்த்துவிட்டேன். பைத்தானில் ஆறு வரிதான். திரையில் இரண்டு நீலக் கம்பங்கள் எழுந்து நின்றன. ஆறாவது வாரம் சான்றிதழ் வந்தது.

அதற்கு அடுத்த வாரம் கூட வேலை செய்யும் நண்பர் கேட்டார்: "சரி, இதை வைத்து எந்தக் கணக்கைப் போடலாம்? நம்மிடம் இருக்கும் கணினியால் முடியாத ஒன்றைச் சொல்லு." யோசித்தேன். பாடத்தில் வந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்ல முடிந்தது: "எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும்." அவர் உடனே திருப்பிக் கேட்டார்: "அப்படியானால் எந்த விடை சரி என்று அது எப்படிச் சொல்லும்?" என்னிடம் பதில் இல்லை. ஆறு வாரப் பாடத்திலும் இல்லை.

இந்த மடல் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது. உங்கள் உழைப்பைக் குறை சொல்ல எழுதவில்லை. 2016-இல் ஐ.பி.எம். ஐந்து கியூபிட் இயந்திரத்தை இணையத்தில் திறந்துவிட்டபோது, இதை யாராவது தொட்டுப் பார்க்க முடியும் என்பதே ஆச்சரியம். அதற்குப் பிறகு வந்த கிஸ்கிட், கியூ ஷார்ப், சிர்க் போன்ற கருவிகள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. வாசலைத் திறந்து வைத்தவர்கள் நீங்கள். நான் பேசுவது, உள்ளே வந்தவரை முதலில் எந்த அறைக்கு அழைத்துப் போகிறீர்கள் என்பதைப் பற்றி.

"எல்லாவற்றையும் ஒரே நேரத்தில்" என்ற அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். எளிமைக்காகச் சொன்ன பொய் என்று அதை மன்னித்துவிட முடியவில்லை, ஏனென்றால் அது மாணவரைத் தவறான திசையில் யோசிக்கப் பழக்கிவிடுகிறது. 30 கியூபிட்டுகளில் 107 கோடி அலைவீச்சுகள் இருப்பது உண்மை (அலைவீச்சு என்பது சாத்தியமான ஒவ்வொரு விடைக்கும் உரிய ஓர் எண், அதன் அளவின் வர்க்கம்தான் அந்த விடை வரும் வாய்ப்பு). ஆனால் அளந்து பார்த்தால் கையில் வருவது வெறும் 30 பிட், அதுவும் குலுக்கலில் வந்தது போல. மற்றதெல்லாம் போய்விடும். விடை அந்தக் கூட்டத்தில் எங்கோ "இருக்கிறது" என்பதால் ஒரு பயனும் இல்லை. தவறான விடைகளின் அலைவீச்சுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும், சரியான விடையின் அலைவீச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக வேண்டும். இந்தக் குறுக்கீட்டை ஏற்பாடு செய்வதுதான் குவாண்டம் நிரலாளரின் வேலை. 1994-இல் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் செய்தது அதைத்தான். பெரிய எண்ணைக் காரணிப்படுத்தும் கணக்கில் ஒளிந்திருக்கும் ஒரு சுழற்சியைக் கண்டுபிடித்து, அந்தச் சுழற்சியோடு பொருந்தாத அலைகளெல்லாம் அடங்கிப் போகும்படி அமைத்தார். அப்படி ஒரு ஒழுங்கு ஒளிந்திருக்கும் கணக்குகள் அபூர்வம். முப்பது வருடங்களாக ஆட்கள் தேடியும் இந்த வித்தைகளின் பட்டியல் ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது என்பதற்கும் காரணம் இதுவே.

இதை முதல் நாளே காட்ட முடியும், ஒரே ஒரு கியூபிட் போதும். 0 நிலையில் இருக்கும் கியூபிட்டில் ஹடமார்ட் கேட்டை (கேட் என்பது கியூபிட்டின் நிலையை மாற்றும் ஒரு படி) ஒருமுறை போட்டு அளந்தால், பாதி தடவை 0, பாதி தடவை 1. நாணயம் சுண்டியது போல. சரி, ஹடமார்டை இரண்டு முறை போட்டால்? நாணயத்தை இரண்டு முறை சுண்டினாலும் பாதிக்குப் பாதிதானே என்று மாணவர் நினைப்பார். ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் 0. 1-க்குப் போகும் இரண்டு வழிகளில் ஒன்றின் அலைவீச்சு கூட்டல் அரை, மற்றொன்றின் அலைவீச்சு கழித்தல் அரை. கூட்டினால் சுழியம். 0-க்குப் போகும் இரண்டு வழிகளும் கூட்டல் அரை, கூட்டினால் ஒன்று. நிகழ்தகவுக்குக் கழித்தல் குறி கிடையாது, அலைவீச்சுக்கு உண்டு. இந்தத் துறையின் பிழைப்பு முழுக்க அந்தக் கழித்தல் குறியில் இருக்கிறது.

எனக்கு இது எப்படிப் புரிந்தது என்பது வேடிக்கை. சான்றிதழ் வாங்கிச் சில மாதங்கள் கழித்து, சொந்தமாக ஒரு சிறிய நிரல் எழுதினேன். விடை தவறாக வந்தது. எந்த நிரலாளரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு பிரிண்ட் போடுவோமே, அது போல நடுவில் ஒரு அளவீட்டைச் செருகினேன். நடுவில் வந்த எண் சரியாகவே இருந்தது, ஆனால் கடைசி விடை வேறு விதமாகத் தவறிப்போனது. அளவீட்டை எடுத்தேன், பழைய தவறு திரும்பி வந்தது. ஒரு மாலை முழுக்க இதே ஆட்டம். கடைசியில் எல்லாவற்றையும் நீக்கி இரண்டு ஹடமார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு அளவீடு போட்டேன். எப்போதும் 0 வர வேண்டிய இடத்தில் பாதிக்குப் பாதி. பார்த்த கணத்திலேயே இரண்டு வழிகளில் ஒன்று தீர்மானமாகிவிடுகிறது, பிறகு ஒன்றையொன்று அழிக்க இன்னொரு வழியே இல்லை. பார்த்தால் நிலை குலையும் என்று பாடத்தில் படித்திருந்தேன், தேர்வில் எழுதியும் இருந்தேன். ஆனால் என் பிரிண்ட்தான் அந்தப் பார்வை என்று யாரும் சொல்லவில்லை.

இதோடு நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அந்த அளவீட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 0 நிலையில் இன்னொரு கியூபிட்டைக் கொண்டுவந்து, கட்டுப்பாட்டு நாட் கேட் (முதலாவது 1 என்றால் இரண்டாவதைத் தலைகீழாக்கும் கேட்) மூலம் முதல் கியூபிட்டோடு இணைத்துப் பாருங்கள். அந்த இரண்டாவது கியூபிட்டை யாரும் அளக்க வேண்டாம், தொடவும் வேண்டாம். அப்போதும் முதல் கியூபிட்டின் விடை பாதிக்குப் பாதிதான். ஓரத்தில் தூக்கிப் போட்ட ஒரு குறிப்புத் தாள் போன்ற அந்தக் கியூபிட், முதலாவது எந்த வழியில் போனது என்பதைத் தன்னுள் வைத்திருக்கிறது. அதை யாரும் படிக்காவிட்டாலும், படிக்க முடியும் என்பதே குறுக்கீட்டைக் கொல்லப் போதும். இப்போது இரண்டாவது ஹடமார்டுக்கு முன்னால் அதே கட்டுப்பாட்டு நாட் கேட்டை இன்னொரு முறை போட்டுக் குறிப்பைத் துடைத்துவிடுங்கள். மறுபடியும் எப்போதும் 0!

சாதாரண நிரலில் தற்காலிக மாறி என்பது யாரும் கவலைப்படாத விஷயம். வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிடுவோம், மொழியே சுத்தம் செய்துகொள்ளும். இங்கே அந்தக் குப்பை, கணக்கையே கெடுத்துவிடும். வீசி எறியவும் முடியாது, எறிவதும் அளப்பதும் ஒன்றுதான். வழி ஒன்றே: இடைக்கணக்கைப் போட்டு, அதன் விடையை வேண்டிய இடத்தில் பயன்படுத்திக்கொண்டு, போன வழியிலேயே பின்னோக்கி நடந்து எல்லாவற்றையும் சுழியத்துக்குத் திருப்புவது. கணக்கை மீளக்கூடியதாக எழுதி இப்படிப் பின்னோக்கி ஓட்டிக் குப்பையைத் துடைக்கலாம் என்று இயற்பியலாளர் சார்லஸ் பென்னட் 1973-லேயே காட்டிவிட்டார், அப்போது குவாண்டம் கணினி என்ற எண்ணமே பரவியிருக்கவில்லை. 2020-இல் சூரிக்கிலிருந்து வந்த சில்க் என்ற மொழி, இந்தத் துடைப்பு வேலையைத் தானாகவே செய்வதை முக்கிய நோக்கமாக எடுத்துக்கொண்டது. குவாண்டம் நிரலாக்கத்தில் "நிரலாக்கம்" என்ற சொல்லுக்குத் தகுதியான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். ஆறு வாரப் பாடத்தில் இதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

அதற்குப் பதிலாக என்ன இருந்தது? பின்னிய ஜோடி, ஒரு கியூபிட்டின் நிலையை வேறொன்றுக்கு மாற்றும் தொலைப்பெயர்ச்சி, இரண்டு பிட்டுகளை ஒரு கியூபிட்டில் அடைத்து அனுப்பும் வித்தை, மறைந்த பிட் சரத்தை ஒரே கேள்வியில் கண்டுபிடிக்கும் பெர்ன்ஸ்டைன்–வசிரானி வழிமுறை. எல்லாம் அழகானவை, எனக்கும் பிடித்தவை. ஆனால் இவற்றில் வரும் சுற்றுகள் (கேட்டுகளைக் கோத்த சர்க்யூட்டுகள்) எல்லாம், ஹடமார்ட், கட்டுப்பாட்டு நாட் முதலியவை அடங்கிய கிளிஃபர்ட் என்ற வகைக் கேட்டுகளால் ஆனவை. அந்த வகைச் சுற்றுகளை, ஆயிரம் கியூபிட்டுகள் இருந்தாலும், ஒரு மடிக்கணினி சளைக்காமல் கணக்கிட்டுவிடும் என்பது காட்டெஸ்மேன்–நில் தேற்றம். பல நிலைகள் கலந்திருக்கும் மேற்பொருந்துதலும், பின்னலும் அவற்றில் தாராளமாக உண்டு. அப்படியிருந்தும் சாதாரணக் கணினியை மிஞ்ச அவை போதவில்லை. அதைத் தாண்ட டி கேட் போன்ற வேறொன்று வேண்டும். பிழைத் திருத்தத்தோடு (பல கியூபிட்டுகள் சேர்ந்து ஒன்றைப் பிழையிலிருந்து காக்கும் ஏற்பாட்டோடு) ஓடும் இயந்திரத்தில் அதிகச் செலவு வைப்பதும் பெரும்பாலும் அதே கேட்தான். இதை அறிந்தபோது கொஞ்சம் கோபமே வந்தது. "இதுதான் குவாண்டத்தின் சக்தி" என்று சொல்லி, ஆறு வாரத்தில் பெரும்பாலும் சக்தி இல்லாத பகுதியையே சுற்றிக் காட்டியிருக்கிறார்கள்!

குரோவரின் தேடலைக் கற்பிக்கிறீர்கள், அது கிளிஃபர்டுக்கு அப்பால் போகிறது, நல்லது. பத்து லட்சம் பெட்டிகளில் ஒன்றில் இருப்பதைத் தேட, ஒரே படியைத் திரும்பத் திரும்ப ஏறத்தாழ 785 சுற்று செய்தால் போதும் என்கிறீர்கள், அதுவும் சரி. ஆனால் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று மாணவரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 1,570 சுற்றுகளில், கையில் வந்த விடை கிட்டத்தட்ட முழுதாகக் கை நழுவிப் போயிருக்கும். நான்கு பெட்டிகள் என்றால் இன்னும் எளிது: ஒரு சுற்றில் விடை நிச்சயம், இரண்டு சுற்று போட்டால் 25 சதவீதம், அதாவது கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெட்டியைத் தொட்டதற்குச் சமம். "அதிக நேரம் ஓடவிட்டால் விடை மேம்படும்" என்பது நம் எலும்பில் ஊறிய பழக்கம். அது உடையும் இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தவர், அலையைப் பற்றி மறுபடி விளக்கம் கேட்க மாட்டார்.

கருவிகளைப் பற்றி ஒன்று மட்டும். பாடத்தின் பாதி நேரம் ஒரு நூலகத்தின் கட்டளைகளை மனப்பாடம் செய்வதில் போனது. இரண்டு வருடம் கழித்து அதே நிரலை ஓட்டினேன், முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அந்தக் கட்டளையை எடுத்துவிட்டார்களாம். வளரும் துறையில் இது சகஜம், குற்றம் சொல்லவில்லை. மாறுவதைப் பாதி நேரம் படிக்க வைத்து, மாறாததை ஓர வரியில் தள்ளியதுதான் உறுத்துகிறது. கலப்பெண், அணிப் பெருக்கல், நிகழ்தகவு மூன்றும் யாராலும் நீக்க முடியாதவை. "கணிதம் தேவையில்லை" என்று விளம்பரத்தில் போடுவதையும் நிறுத்துங்கள். தேவைப்படுவது இரண்டுக்கு இரண்டு அணியைப் பெருக்கத் தெரிவது, ஒருவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது. அதைக் கண்டு பயப்படுபவரைப் பயமில்லை என்று ஏமாற்றி உள்ளே இழுத்தால், மூன்றாம் வாரத்தில் அவர் தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு வெளியேறுகிறார்.

அடுத்து எதிர்காலம். இதை எழுதத்தான் தயக்கமாக இருந்தது, ஏனென்றால் இங்கே இரண்டு முகாம்கள் உண்டு. நாளைக்கே உலகம் மாறிவிடும் என்பவர்கள் ஒரு பக்கம், எல்லாம் பித்தலாட்டம் என்பவர்கள் மறுபக்கம். மாணவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது இரண்டு முகாம்களிலும் சேராமல் தானே கணக்குப் போட்டுப் பார்க்கும் திறமை. உதாரணத்துக்கு, இன்றைய நல்ல இயந்திரங்களில் இரண்டு கியூபிட் கேட் ஒன்று ஆயிரத்தில் ஒருமுறை தவறும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கேட் உள்ள சுற்று ஒரு பிழையும் இல்லாமல் முடிய 37 சதவீத வாய்ப்பு. பத்தாயிரம் கேட் என்றால், இருபதாயிரம் முறை ஓட்டினால் ஒருமுறை தேறும் அளவுக்கு வந்துவிடும். இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டின் 2,048 பிட் எண்ணைக் காரணிப்படுத்தவோ நூற்றுக்கணக்கான கோடி கேட்டுகள் வேண்டும். இந்த மூன்று வரிக் கணக்கைப் போடத் தெரிந்தவரை எந்தத் தலைப்புச் செய்தியும் மிரட்ட முடியாது, மயக்கவும் முடியாது.

அதே கணக்கு நம்பிக்கையையும் தரும். 2019-இல் கிட்னி, எகெரா என்ற இரு ஆய்வாளர்கள் அந்த 2,048 பிட் வேலைக்கு, பிழையுள்ள 2 கோடி கியூபிட்டுகளும் எட்டு மணி நேரமும் வேண்டும் என்று மதிப்பிட்டார்கள். 2025-இல் கிட்னியே மறுபடி உட்கார்ந்து, 10 லட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகள், ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம் என்று இறக்கினார். இயந்திரத்தின் தரம் பற்றிய அனுமானங்கள் ஏறத்தாழ அப்படியே இருந்தன, மாறியது பெரும்பாலும் வழிமுறையும் பிழைத் திருத்தமும்தான். கியூபிட் எண்ணிக்கையை இருபதில் ஒரு பங்காக்கியது நிரலாளரின் வேலை என்று இதை வகுப்பில் சொல்லுங்கள், கண்கள் விரியும். மறுபக்கம் வன்பொருளும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2024 கடைசியில் கூகுளின் வில்லோ சில்லில், பிழைத் திருத்தக் குறியீட்டைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பிழை ஒவ்வொரு படியிலும் பாதிக்கும் கீழே இறங்கியது. அதுவரை பெரிதாக்கினால் பிழையும் கூடவே பெருகுமோ என்ற பயம் தீரவில்லை. ஆனால் கூடவே இதையும் சொல்ல வேண்டும்: அந்தச் சோதனையில் ஏறத்தாழ நூறு கியூபிட்டுகள் சேர்ந்து காப்பாற்றியது ஒரே ஒரு கியூபிட் நினைவை. கணக்கு எதையும் அது போடவில்லை.

எதிர்ப் பக்கத்திலிருந்து வரும் செய்திகளையும் மறைக்காதீர்கள். 2018-இல் யூவின் டாங் என்ற இளங்கலை மாணவி, பரிந்துரைகள் சொல்லும் ஒரு கணக்கில் குவாண்டம் வழிமுறைக்கு இருந்ததாக நம்பப்பட்ட மாபெரும் வேக முன்னிலையை, அதற்கு ஈடான சாதாரண வழிமுறை ஒன்றை எழுதித் தகர்த்தார். குவாண்டம் வழிமுறையை உன்னிப்பாகப் படித்ததால்தான் அது அவருக்குத் தென்பட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கதை இது. எந்தப் பாடத்திலும் நான் கேட்டதில்லை, தோல்விக் கதை என்று ஒதுக்கிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

வேலை வாய்ப்பு பற்றிக் கேட்கும் மாணவருக்கும் நேர்மையான பதில் ஒன்று உண்டு. குவாண்டம் வேலை என்று விளம்பரமாகும் பலவற்றில் எழுத வேண்டியது சாதாரண நிரல்தான். மீக்கடத்தி இயந்திரத்தில் பிழைத் திருத்தத்துக்கான அளவீடுகள் ஏறத்தாழ மைக்ரோ நொடிக்கு ஒருமுறை கொட்டிக்கொண்டே இருக்கும். அவற்றைப் படித்து எங்கே தவறு நடந்தது என்று தேங்காமல் சொல்லும் நிரலைச் சாதாரணச் சில்லில்தான் ஓட்ட வேண்டும். சுற்றுகளைச் சுருக்கும் கம்பைலர், கியூபிட்டுகளை இயக்கும் மின்துடிப்புக் கட்டுப்பாடு எல்லாம் இதே வகை. குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் மறையாக்கமோ இன்றைக்கே கைக்கு வந்த வேலை: அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூன்று தரநிலைகளை வெளியிட்டுவிட்டது. உலகெங்கும் இருக்கும் மென்பொருட்களில் பழைய பூட்டுகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்ட வேண்டும். அதற்கு ஒரு கியூபிட்டும் வேண்டாம், பொறுமை நிறைய வேண்டும். ஆறு வாரத்தில் "குவாண்டம் நிரலாளர்" ஆகிவிடலாம் என்று சொல்வதைவிட, நல்ல நிரலாளர் ஒருவருக்கு இந்தத் துறையில் இப்போதே இடம் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் ஏன் படிக்கிறாய் என்று அந்த நண்பர் இன்னமும் கேட்கிறார். இப்போது என்னிடம் அவருக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. மூலக்கூறுகளின் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்ற கணக்கைத்தான் முதலில் எதிர்பார்க்கிறேன். இயற்கையைப் போலச் செய்துகாட்ட இயற்கையின் விதிப்படி நடக்கும் கணினி வேண்டும் என்று இயற்பியலாளர் ஃபைன்மன் 1981-இல் பேசியபோது மனத்தில் வைத்திருந்ததும் இது போன்றதுதான். வளிமண்டல நைட்ரஜனை அறை வெப்பத்திலேயே உடைக்கும் நுண்ணுயிரி நொதியின் நடுவில் இருக்கும் இரும்பு–மாலிப்டினக் கொத்து, இந்தத் துறையில் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் உதாரணம். அதற்கான மதிப்பீடுகளும் லட்சக்கணக்கான கியூபிட்டுகளில்தான் இருக்கின்றன, நாளைக்கு நடக்காது. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறேன், எது வந்தால் அது வந்ததாக அர்த்தம் என்பதைத் தெரிந்து காத்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. அடுத்த முறை பாடத்தைத் தொடங்கும்போது பின்னிய ஜோடியை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளுங்கள். முதல் நாள் ஒரு கியூபிட், இரண்டு ஹடமார்ட். அப்புறம் நடுவில் ஒரு அளவீடு. அப்புறம் அளவீட்டுக்குப் பதில், யாரும் பார்க்காத இன்னொரு கியூபிட். அப்புறம் அதைத் துடைப்பது. நான்கு முறை ஓட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன்னால் விடை என்ன வரும் என்று மாணவர் தாளில் எழுதிவைக்க வேண்டும். நான் இதை அந்த நண்பரிடம் செய்து பார்த்தேன். நான்கில் மூன்றைத் தவறாக எழுதினார். மூன்றாவது தவறுக்குப் பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இரு, நான் ஒன்று மாற்றிப் பார்க்கிறேன்" என்றார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்